பிடித்து வைத்த இரண்டு இருக்கைகள்

டிக்கெட் அக்காவின் அலுவலகத்துக்குப் போக வேண்டுமானால், மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மாடிப்படியில் ஏற வேண்டும். மேலே ஒரே ஒரு அறை. மேஜை, கணினி, இருமிக்கொண்டே வேலை செய்யும் அச்சு இயந்திரம், வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலிகள். சுவரில் ஒரு பெரிய உலகப் படம். அதில் இருக்கும் நாடுகளில் இரண்டு இப்போது உலகத்தில் இல்லை. அதை மாற்றச் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. "அந்த ஊருக்கு யாரும் டிக்கெட் கேக்கலையே, அப்புறம் என்ன?" என்பார் அக்கா.

இந்தத் தொழிலுக்கு அவர் தட்டச்சுக்காரியாகத்தான் வந்தார். அந்தக் காலத்தில் விமான டிக்கெட் என்பது ஒரு சின்னப் புத்தகம். தாளுக்குத் தாள் சிவப்பு மசி. பயணியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். பிறகு கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும் வந்தன. கூட வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்து மிரண்டபோது அக்கா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் செல்போனிலேயே விமானம் தேடும் காலம் வந்தது. முதலாளி "இனி நம்ம பொழப்பு அவ்வளவுதான்" என்று கடையை மூடினார். அக்கா அந்தக் கணினியையும் இரண்டு நாற்காலிகளையும் பழைய விலைக்கு வாங்கி இந்த அறையில் போட்டு, தன் கடையைத் திறந்தார். துணிச்சல் என்றும் சொல்லலாம், வீம்பு என்றும் சொல்லலாம். அவரிடம் இரண்டும் தாராளமாகவே இருந்தன.

விமானம் தேடும் அந்த இணையத் தளங்களின் மேல் அவருக்கு ஒன்றும் பகை இல்லை. உண்மையைச் சொன்னால், யாரும் பார்க்காதபோது அவரே அதைத்தான் முதலில் பார்ப்பார். ஒற்றை ஆள், கைப்பை ஒன்று, போய் வருவது நேர் விமானம் என்று யாராவது வந்தால், "இதுக்கு ஏன் என் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கறீங்க? போன்லயே போட்டுக்குங்க" என்று அனுப்பிவிடுவார். கைக்குழந்தையோடு மூன்று விமானம் மாறுகிறவர்கள், சக்கர நாற்காலி வேண்டியவர்கள், படிக்கப் போகும் பிள்ளையின் கூடுதல் பெட்டியை நினைத்துக் கவலைப்படும் பெற்றோர்கள், இவர்கள்தான் அவருடைய ஆட்கள். தளத்தில் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்களும் வருவார்கள். அவர்களுக்கு அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, அந்தத் தளத்தின் தொலைபேசி எண்ணைப் போட்டு, ஓயாமல் ஒலிக்கும் இசையைக் கூட உட்கார்ந்து கேட்பார்.

இப்படி ஊரில் பாதிப் பேரை ஆகாயத்தில் ஏற்றி விட்ட அக்காவிடம் இதுவரை ஒரு டிக்கெட்கூட வாங்காத ஆள் ஒருவர் உண்டு. அவருடைய கணவர்.

கணவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ஆடிட்டர்தான். பிறர் போட்ட கணக்கில் நொட்டை கண்டுபிடித்தே ஆயுளில் பாதியைக் கழித்தவருக்கு, ஓய்வு பெற்ற மறுநாளே நொட்டை கண்டுபிடிக்க எதுவும் கிடைக்காமல் போனது பெரிய இடி. தண்ணீர்க் குழாய்க்காரர் போட்ட ரசீதைக் கொஞ்ச நாள் ஆராய்ந்தார். பிறகு மகள் தன் பழைய செல்போனை அனுப்பி வைத்தாள். அதில் விமானம் தேடும் செயலி ஒன்று இருந்தது. பிடித்தது சனி.

மகள் இருப்பது உலகத்தின் மறுகோடியில். இங்கே விடிந்தால் அங்கே விளக்கு ஏற்றுவார்கள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து இப்போதுதான் பிள்ளை உண்டாகியிருந்தாள். அவள் எதையும் வாய் விட்டுக் கேட்கும் பெண் இல்லை. பள்ளிக்கூடத்தில் கால் முறிந்தபோதுகூட, "அம்மா, வேலை முடிஞ்சதும் வா, அவசரமில்ல" என்று சொல்லி அனுப்பியவள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் போனில், "அம்மா, பிரசவத்தப்ப நீ பக்கத்துல இருக்கணும். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "வராம எங்க போயிடுவேன்? நான் டிக்கெட் போடறவடி" என்று சிரித்துச் சமாளித்தார். போனை வைத்த பிறகு அழுதார்.

அன்றைக்கே டிக்கெட் போட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

சாப்பாட்டு மேஜையில் அக்கா பேச்சை எடுத்தார். ஆடிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செல்போனைக் காட்டினார்.

"இதுல எல்லாக் கம்பெனியும் வருது. எந்த நாள்ல கொறைச்சல், எந்த ஊர் வழியா போனா கொறைச்சல், எல்லாம் இதுவே சொல்லிடுது. இத நானே பாத்துக்கறேன். நேரா வாங்கறதுக்கு நடுவுல ஒரு ஆள் எதுக்கு?"

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஒரு பொது உண்மையைப் போலத்தான் சொன்னார். ஆனால் அந்த 'நடுவில் ஓர் ஆள்' எதிரே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. கடை திறந்த புதிதில் "சரி, பொழுது போகட்டும்" என்று சொன்னதும் இதே மனிதர்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நீங்களே பாத்துக்குங்க" என்றார். இந்த வீட்டில் 'சரி' என்றால் சரியில்லை என்று பொருள். கல்யாணமான நாளில் இருந்து கூடவே இருக்கும் மனிதருக்கு அது மட்டும் விளங்கியதே இல்லை.

அக்கா வீம்பு பிடித்தவரே தவிர மடத்தனம் உள்ளவர் இல்லை. மறுநாள் காலை கடைக்குப் போனதும் கணினியைத் திறந்து, எந்த விமானம் தோது என்று பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும், பெட்டி தானாகப் போய்விடும், மகள் ஊரில் பகலில் இறங்கலாம். அதில் இரண்டு இருக்கைகளைத் தங்கள் பெயரில் பிடித்து வைத்தார். இது இந்தத் தொழிலில் உள்ள வசதி. பணம் கட்டாமலே கொஞ்ச நேரத்துக்கு இருக்கையைப் பிடித்து வைக்கலாம்; கெடு முடிந்தால் அது தானாக நழுவிவிடும். வேண்டுமென்றால் மறுபடி பிடிக்கலாம். "அவர் எப்படியும் சொதப்புவார். என்கிட்ட வந்து, 'நீயே ஒண்ணு பாத்துக் குடு'ன்னு கேப்பார். கேட்டதும் டக்குன்னு எடுத்து நீட்டணும்" என்று கணக்குப் போட்டார். அவர் கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை ஏற்பாடும். தானாகப் போய் நீட்டினால் நடு ஆள் நடு ஆளாகவே போய்விடுவாள் அல்லவா?

ஆடிட்டரும் சும்மா இல்லை. வடிகட்டி, வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் பார்த்துக் கடைசியில் அவர் வந்து நின்றதும் அதே விமானத்தில்தான். பல வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. ஆனால் அவர் வாங்கவில்லை. விலை இன்னும் இறங்கும் என்று காத்திருந்தார்.

விலையும் அவரோடு விளையாடியது. ஒரு நாள் குபீரென்று ஏறும். அவர் முகம் வாடும். அடுத்த நாள் சடாரென்று இறங்கும். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று உச்சி குளிர்ந்து போவார். "இன்னும் கொஞ்சம் எறங்கும், அவசரப்படக் கூடாது" என்பார். விடிந்தால் மறுபடி ஏறியிருக்கும்.

இதற்கு அவர் ஒரு கொள்கையே வகுத்துவிட்டார். "நான் பாக்கறது கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அதனால் செல்போனில் பழைய தேடல் தடயங்களை எல்லாம் அழித்தார். சலவைக்கடைக்காரர் போனை இரவல் வாங்கித் தேடினார். பக்கத்து வீட்டுக்காரர் கணினியில் தேடினார். ஒருமுறை குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு தேடினார். சுவர் எதற்கு உதவும் என்று அவர் நினைத்தாரோ தெரியவில்லை. காலையில் நடக்கப் போகும் பூங்காவில் அவரைச் சுற்றி ஒரு சபையே கூடியது. விமானக் கம்பெனியின் சூழ்ச்சிகளை அவர் எடுத்து விளக்க, மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் விமானப் பயணமே கிடையாது என்பது வேறு விஷயம்.

அக்கா சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பகலில் கெடு முடிந்து நழுவிய இருக்கைகளை மறுபடி பிடித்து வைத்தார். வாடிக்கையாளர் கூட்டமாக இருந்த நாட்களில் மறந்து போவார். மறுநாள் வந்து பிடிப்பார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் போனில் கேட்கும்போதெல்லாம், "அப்பா பாத்திட்டிருக்கார்மா" என்பார் அக்கா. "விலை எறங்குதும்மா" என்பார் ஆடிட்டர். நாள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் விமானக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி அக்காவைக் கூப்பிட்டார். நல்ல பையன், வருடக் கடைசியில் நாட்காட்டி கொடுத்தனுப்புகிறவன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ரெண்டு பேருக்கு, ஒரே ஃபிளைட்ல, சீட் பிடிக்கறீங்க, விடறீங்க, திரும்பப் பிடிக்கறீங்க. ஆபீஸ்ல கேக்கறாங்க. இன்னொரு தடவை இப்படி நடந்தா அபராதம் போட்டுடுவாங்க."

"நம்ம வீட்டு டிக்கெட்தாம்ப்பா. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"அது சரிக்கா. ஆனா அந்தக் கம்மி விலையில மிச்சம் இருந்ததே அந்த ரெண்டு சீட்தான். நீங்க பிடிச்சு வச்சா வெளியில பாக்கறவங்களுக்கு அடுத்த விலைதான் காட்டும். நீங்க விட்டா பழைய விலைக்கு வந்துடும். யாரோ ஒருத்தர் பாத்துக் கொழம்பிட்டிருப்பாங்கல்ல?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த யாரோ ஒருத்தரை அவருக்குத் தெரியும். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் ஆள். ஆக, கம்பெனிக்காரன் சூழ்ச்சியும் இல்லை, மண்ணும் இல்லை. ஆடிட்டருக்கு விலையை ஏற்றியதும் அக்காதான், இறக்கியதும் அக்காதான். தொழிலில் தலை நரைத்தவருக்கு இந்த விஷயம் தெரியாததல்ல. வாடிக்கையாளருக்கு நூறு தடவை விளக்கிச் சொன்னதுதான். தன் வீட்டு விஷயம் என்றதும் மூளையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டிருந்தார். முதலில் குபுக்கென்று சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. சரி, இன்றைக்கு வீட்டுக்குப் போய் உடைத்துச் சொல்லிவிட்டு டிக்கெட்டைப் போட்டுவிடலாம் என்று எழுந்தார்.

அப்போது மாப்பிள்ளையின் அழைப்பு வந்தது.

"அத்தை, பயப்படாதீங்க. அவ நல்லாதான் இருக்கா. ஆனா டாக்டர் சொன்ன தேதி வரைக்கும் தாங்காதுன்னு சொல்றாங்க. எப்ப வேணா இருக்கலாமாம். நீங்க எப்ப வர்றீங்க?"

அக்கா பதில் சொல்லிக்கொண்டே கணினிப் பக்கம் திரும்பினார். நழுவ விட்ட இரண்டு இருக்கைகள் அங்கே இல்லை. அந்தத் தேதி இருக்கட்டும், அதற்கு முன்னால் இருந்த தேதிகளிலும் இல்லை. பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்குகிறது. எந்த வழியாகப் பார்த்தாலும் நிரம்பி வழிந்தது. அவர் கட்டளைகளைத் தட்டத் தட்ட, திரை இல்லை இல்லை என்றே சொன்னது. எத்தனையோ பேருக்குக் கடைசி நேரத்தில் ஓர் இருக்கை தேடிக் கொடுத்த விரல்களுக்கு இன்று ஒன்றும் அகப்படவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லோரும் வருத்தப்பட்டார்களே தவிர இருக்கை கொடுக்கவில்லை.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஆடிட்டர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். மாப்பிள்ளை அவருக்கும் பேசியிருந்தார். கடை திறந்த நாளுக்குப் பிறகு அவர் இந்தப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை மேஜை மேல் வைத்தார்.

"நாளைக்குக் காலைல ஒண்ணு காட்டுது. ரெண்டு வேற வேற கம்பெனி. நடுவுல அரை நாள் காத்திருக்கணும். இது நம்பலாமா, வேணாமா? எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

எத்தனையோ வாரமாக அக்கா காத்திருந்த வார்த்தை. அது வந்து விழுந்தபோது அக்காவுக்கு அதை அனுபவிக்க நேரமில்லை. போனை எடுத்துப் பார்த்தார். இரண்டாவது விமானம் ஒரு மலிவுக் கம்பெனியுடையது. அவருடைய கணினியில் அது வரவே வராது. தன் கணினியை மட்டும் நம்பியிருந்தால் விமானமே இல்லை என்று கைவிட்டிருப்பார் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரன் கண்டுகொள்ள மாட்டான். பெட்டி போட்டால் நடுவில் அதை எடுக்க வெளியே போக வேண்டும், வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும், கையில் இருப்பதோ மகள் இருக்கும் நாட்டு விசா மட்டும்தான்.

"பெட்டி வேணாம்" என்றார். "கைப்பை மட்டும். போர்டிங் பாஸ் ரெண்டையும் இங்கயே எடுத்துட்டுப் போயிடலாம். நான் கேட்டுக்கறேன்."

"கொழந்தைக்கு நீ தச்சு வச்சது எல்லாம்?"

"அவளுக்கு நான் போனா போதும்."

அக்கா இரண்டு கம்பெனிகளுக்கும் போன் போட்டு, உள்ளேயே இருந்து விமானம் மாற முடியும் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு பாஸ்போர்ட்டுகளைப் பார்த்து அவர் எழுத்து எழுத்தாகப் படிக்க, ஆடிட்டர் ஒற்றை விரலால் தட்டினார். கடைசிப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். "போடுங்க" என்றார் அக்கா.

நடு ஊர் விமான நிலையத்தில் அரை நாள் என்பது சின்ன விஷயமில்லை. இரும்பு நாற்காலி, காலை நீட்ட முடியாது, ஒரு கோப்பைத் தேநீர் வாங்கினால் அதை ஆற அமரக் குடிக்க வேண்டியதுதான். மாப்பிள்ளை போனில் பேசினார். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம் என்றார். ஆடிட்டர்தான் பேச்சை எடுத்தார்.

"அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் அப்படி ஏத்தி ஏத்தி எறக்கலேன்னா, இந்நேரம் நாம அங்க இருந்திருப்போம்."

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அது கம்பெனிக்காரன் இல்லீங்க. நான்." எல்லாவற்றையும் சொன்னார். பிடித்து வைத்தது, விட்டது, மறுபடி பிடித்தது, நாட்காட்டிப் பையன் கூப்பிட்டுச் சொன்னது, எதையும் ஒளிக்கவில்லை.

ஆடிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் நான் பேரம் பேசினது உன்கூடவா?"

"ஆமா."

"பூங்கால நான் எவ்வளவு பேசியிருக்கேன்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "விலை எறங்கினப்ப வாங்கியிருக்கலாம். நெறைய தடவை கை வரைக்கும் வந்துச்சு. பயமா இருந்துச்சு. நான் வாங்கற டிக்கெட்டை நீ பாப்ப. அதுல ஒரு தப்பு இருக்கும். நீ ஒண்ணும் சொல்ல மாட்ட, 'சரி'ன்னு மட்டும் சொல்லுவ."

தணிக்கைக்காரருக்குத் தணிக்கையைக் கண்டால் பயம். அக்காவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இந்த மனிதருக்கு 'சரி' விளங்கியே இருக்கிறது, இத்தனை வருடமும் விளங்கித்தான் இருந்திருக்கிறது என்பதுதான் அவரை உலுக்கியது.

இரண்டாவது விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அது தரை தொட்டதும் ஆடிட்டர் செல்போனை உயிர்ப்பித்தார். முதலில் வந்தது ஒரு படம். துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகம், உலகத்தின் மேல் ஏதோ புகார் இருப்பதுபோல் சுளித்துக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. அவர்கள் கடலுக்கு மேலே இருந்தபோதே பிறந்துவிட்டிருந்தாள். ஆடிட்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அக்கா போனை வாங்கி, படம் வந்த நேரத்தைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி அறையில் மகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் கண்ணில் சிரிப்பு இருந்தது. குழந்தை அவள் கைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா போய் அவள் நெற்றியைத் தடவினார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா கத்தினேன்மா. வலி தாங்க முடியாம உன்னைத்தான் கூப்பிட்டேன். நர்ஸ்கூட, அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டாங்க. வந்திட்டிருக்காங்க, வந்திட்டிருக்காங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதுதான் இருவரையும் தாக்கியது. இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் இல்லை. இனி எந்த விமானம் பிடித்தாலும் அந்த இடத்துக்குப் போக முடியாது.

"என்னாலதாம்மா லேட்டு" என்றார் ஆடிட்டர்.

"இல்ல, என்னாலதான்" என்றார் அக்கா.

"நீ சும்மா இரு. நான்தான் வாங்காம இழுத்தடிச்சேன்."

"நான் போட்டிருந்தா நீங்க ஏன் இழுத்தடிக்கப் போறீங்க? தப்பு என்னோடது."

"உன்னோடது எப்படி? உனக்கு நான்தானே—"

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "இதுக்கும் சண்டையா? யாராவது ஒருத்தர் பிள்ளையை வாங்கிக்குங்க. எனக்குத் தூக்கம் வருது."

இரண்டு ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. ஆடிட்டர் தன் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அக்காவும் இழுத்துக்கொண்டார். "நீங்க வாங்குங்க" என்றார். ஆடிட்டர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார்.

"எப்படிப் பிடிக்கணும்னு தெரியாதே. தப்பாப் பிடிச்சுட்டா?"

"நான் பக்கத்துல இருக்கேன். தலையைத் தாங்கிக்குங்க, அவ்வளவுதான்."

அவர் வாங்கினார். முழங்கை இரண்டும் விறைத்துக்கொண்டு நிற்க, மூச்சுக்கூட விடாமல் பேத்தியைப் பிடித்திருந்தார். அவர் பிடித்திருந்த விதம் தப்புத்தான். அக்கா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் கையைக் குழந்தையின் கழுத்துக்குக் கீழே கொடுத்துக்கொண்டார். மகள் அதற்குள் தூங்கிப் போயிருந்தாள்.